பள்ளி விழா மேடையில் பிரார்த்தனை

அரசுப் பள்ளி விழாவில் பிரார்த்தனை இடம்பெறலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-இல் அளித்த லீ எதிர் வைஸ்மன் தீர்ப்பையே நினைத்துக்கொள்கிறேன். ரோட் ஐலண்டு மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில், 1989-இல் நடந்த நடுநிலைப் பள்ளி நிறைவு விழாவில் பிரார்த்தனை செய்ய யூத மதகுரு ஒருவர் அழைக்கப்பட்டிருந்தார். அதை எதிர்த்து வழக்குத் தொடுத்ததும், அங்கே படித்த மாணவி ஒருத்தியின் யூதக் குடும்பம்தான். ஆகவே இதை வேற்று மதத்தின் மீதான காழ்ப்பு என்று எவரும் தள்ளிவிட முடியாது.

விருப்பமில்லாதவர்கள் விழாவுக்கு வராமல் இருக்கலாமே என்ற வாதத்தை, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் ஏற்க மறுத்து, அந்தப் பிரார்த்தனை அரசமைப்புக்கு முரணானது என்றது. உடன் படித்தவர்கள் அனைவரும் எழுந்து நிற்கையில், பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி மட்டும் எப்படி உட்கார்ந்திருப்பாள்? எழுந்து நின்றாலோ, அவளும் மனமொப்பி வழிபட்டதாகவே பார்ப்பவர்கள் கொள்வார்கள். நெடுங்கால மரபு அறுபடுகிறதே என்று நீதிபதி ஸ்காலியா தம் மாறுபட்ட தீர்ப்பில் எழுதிய ஆதங்கம், நாள்தோறும் கடவுளைக் கும்பிடுகிற எனக்கும் புரியவே செய்கிறது. ஆனால் பிரார்த்தனை எப்படி அமைய வேண்டும் என்ற கையேட்டை அந்த மதகுருவிடம் கொடுத்தவர் பள்ளியின் தலைமையாசிரியர். வழிபாட்டின் வாசகத்துக்கு வரம்பு கட்டும் அந்த அதிகாரத்தை அரசு ஊழியர் எவருக்கும் கொடுக்க என் மனம் ஒப்பவில்லை.