பிளாக் பிளேஸ்மென்ட்டுக்கு ஒரு கையெழுத்து வாங்கப் பட்ட பாடு

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு முடிந்து, களப்பணி ரெக்கார்டையும் ஒப்படைத்தாகிவிட்டது. ஆனாலும் பிளாக் பிளேஸ்மென்ட் என்கிற முழுநேரக் களப்பயிற்சிக்கு அனுமதி கேட்டுச் சேலத்தில் அலைந்த அலைச்சல் இன்னும் ஆறவில்லை. அடுத்த வருடம் இதே வழியில் வரப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

சேர்க்கை, முதல் வருடம், வாராந்திர ஃபீல்டு ஒர்க் இதிலெல்லாம் சொல்ல ஒன்றுமில்லை. நான் பி.காம். படித்துவிட்டு வந்தவள், அதனால் ஒரு சிரமமும் வரவில்லை. இரண்டாம் வருடம் மெடிக்கல் அண்ட் சைக்கியாட்ரிக் (மருத்துவ, மனநலச் சமூகப்பணி) பிரிவை எடுத்தேன். கடைசியில் ஒரு மாதம் முழுநேரமாக ஓர் இடத்தில் இருந்து வேலை கற்க வேண்டும். இடத்தை நாமே பிடிக்க வேண்டும் என்று துறையில் சொல்லிவிட்டார்கள்.

முதலில் ஒரு மருத்துவமனைக்குப் போனேன். துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம் இருந்தது. தபால் செக்‌ஷனில் இருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலே, "வெச்சிட்டுப் போங்கம்மா" என்றார். நகலில் சீல் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டேன். "காலேஜ் லெட்டருக்கெல்லாம் சீல் கிடையாது" என்று சொல்லிவிட்டார். இரண்டு வாரம் கழித்துப் போய்க் கேட்டால், அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்கிறார்கள். மறுபடியும் கடிதம் வாங்கிக்கொண்டு போனேன். இந்தத் தடவை, பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வேண்டும் என்றார்கள். பல்கலைக்கழகத்தில் போய் நின்றால், "கல்லூரிக் கடிதமே போதுமே, நாங்கள் அப்படித் தருவதே இல்லையே" என்கிறார்கள். இதைத் திரும்பி வந்து சொன்னபோது, முதலில் கேட்டவர் விடுப்பில் போயிருந்தார். பக்கத்து மேசைக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை.

இதனால் சொல்கிறேன்: நகலில் தேதியோடு சீல் விழாத கடிதத்தைக் கொடுத்ததாகவே நினைக்க வேண்டாம். சீல் தர மறுத்தால், வெளியே வந்து அதே கடிதத்தை டெலிவரிச் சான்று கேட்டு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிடுங்கள். அந்தச் சான்றை வைத்துக்கொண்டு நின்றால் யாரும் "வரவில்லை" என்று சொல்ல முடியாது. கல்லூரிக் கடிதத்தோடு போன எனக்கே இந்தக் கதி. ஊன்றுகோலோடு உதவித்தொகை மனு கொடுக்க வந்திருந்த ஒரு பெரியவரும் அதே ஜன்னலில் அதே பதிலை வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

அடுத்து, குழந்தைகள் இல்லம் ஒன்றில் கேட்டுப் பார்க்கலாம் என்று போனேன். 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் தொடங்கியது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான். அதைப் படித்ததிலிருந்தே குழந்தைகள் பக்கம் வேலை செய்ய ஆசை. இங்கேயும் மறுப்புதான். ஆனால் அந்த அதிகாரி மேடம் உட்காரச் சொல்லி விளக்கினார்: இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆவது பிரிவுப்படி குழந்தைகளின் அடையாளம் வெளியே போகவே கூடாது; அதனால் மாணவர்களை உள்ளே விட சென்னையில் இருக்கும் துறைத் தலைமையின் அனுமதி வேண்டும்; அது வர மாதக்கணக்கில் ஆகும். மறுப்பு ஒன்றுதான், ஆனால் காரணம் தெரிந்த மறுப்போடு திரும்பி வரும்போது மனம் கசக்கவில்லை. இப்படிப்பட்ட இடம்தான் வேண்டும் என்பவர்கள் மூன்றாம் செமஸ்டர் தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அப்புறம், கலெக்டர் அலுவலக வளாகத்தில் எந்த வேலை இருந்தாலும் திங்கட்கிழமை போகாதீர்கள். மக்கள் குறைதீர் நாள் அது. பார்க்க வேண்டியவர்கள் யாரும் இருக்கையில் இருக்க மாட்டார்கள்.

கடைசியில் ஏற்காட்டில் மலையாளிப் பழங்குடி கிராமங்களில் வேலை செய்யும் ஒரு சிறு அமைப்பு இடம் கொடுத்தது. அங்கிருந்த ஒருங்கிணைப்பாளர் அக்கா கடிதத்தைப் படித்தார், "தங்கறதுக்கு இடம் இருக்கா?" என்று கேட்டார், கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான்.

தங்கும் இடத்தை அவர் முதலில் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா. அறை வாடகை எக்கச்சக்கமாக ஏறிவிடும். மலர்க் கண்காட்சி நாட்களில் வண்டிகளை அடிவாரம் வழியாக ஏற்றி, குப்பனூர் வழியாக இறக்கிவிடுவார்கள். சேலத்திலிருந்து தினமும் போய் வந்துவிடலாம் என்று நம்பி இறங்காதீர்கள். அதோடு பகலில் கிராமத்தில் ஆளே இருக்க மாட்டார்கள். எஸ்டேட் வேலை முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரத்தில்தான் உட்கார்ந்து பேச முடியும், அதற்குள் கடைசி பஸ் போய்விடும். அக்கா தனக்குத் தெரிந்த வீடு ஒன்றில் என்னைத் தங்க வைத்தார்.

நான் கற்றதெல்லாம் ஒரே ஒரு கேஸில். பிளஸ் டூ முடித்த பெண், நர்சிங் சேர எஸ்.டி. சான்றிதழ் வேண்டும். ஆன்லைன் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. அப்பாவிடம் இருந்தது தாசில்தார் கொடுத்த பழைய சான்றிதழ். தமிழ்நாட்டில் 1989 நவம்பரிலிருந்து எஸ்.டி. சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம் கோட்டாட்சியருக்குத்தான். அதற்கு முன் தாசில்தார் கொடுத்தது செல்லும், ஆனால் அவர் கொண்டுவந்த காகிதத்தில் தேதி இருந்த மூலையே கிழிந்திருந்தது. பெண்ணின் பாட்டி, "கண்ணு, எங்க சாதி என்னன்னு இந்த மலைக்கே தெரியுமே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மலைக்குத் தெரிவது கம்ப்யூட்டரில் ஏறாதே. அக்கா சொன்னபடி பங்காளி வீடுகளாகப் போய்க் கேட்டோம். பெரியப்பா மகனுக்குக் கோட்டாட்சியர் கொடுத்த சான்றிதழ் கிடைத்தது. இரண்டு குடும்பத்துக்கும் உள்ள உறவைக் காட்ட தாத்தாவின் பட்டா, அப்பாவின் பள்ளிப் பதிவு எல்லாவற்றையும் சேர்த்து, கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து வம்சாவளி எழுதி வாங்கி, திரும்ப விண்ணப்பித்தோம். நான் கீழே வந்த பிறகு, சான்றிதழ் வந்துவிட்டது என்று அக்கா போன் செய்தார். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

அதற்கப்புறமும் ஒரு தடை. அமைப்பு கொடுத்த சான்றிதழில் "ஒரு மாதம் பணியாற்றினார்" என்று மட்டும் இருந்தது. தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மொத்த மணிநேரம், சூப்பர்வைசரின் பதவி, அமைப்பின் பதிவு எண் எல்லாம் வேண்டும் என்று கல்லூரி அலுவலகம் திருப்பிக் கொடுத்துவிட்டது. இப்படி ஒரு படிவம் இருப்பதை முன்கூட்டியே எங்கள் யாருக்கும் சொல்லவில்லை. அதற்காக மறுபடி மலையேறினேன். நீங்கள் போகும் முதல் நாளே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையில் எடுத்துப் போங்கள். வருகைப் பதிவில் வாரா வாரம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ரெக்கார்டை அன்றன்று இரவே எழுதுங்கள், ஆட்களின் பெயரை மாற்றி எழுதுங்கள்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சார் தியரியைவிட அந்தச் சான்றிதழ் கேஸைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். தாசில்தார், கோட்டாட்சியர், பங்காளிச் சான்று என்று நான் சொல்லச் சொல்ல, ரெக்கார்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துப் படித்தார்.

இப்போது வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒன் ஸ்டாப் சென்டரில் ஒப்பந்த வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். இந்த மாதிரி அறிவிப்புகள் மாவட்ட இணையதளத்தில் வரும், கடைசித் தேதிக்குள் நாள் அதிகம் இருக்காது. அங்கேயும் முதலில் கேட்டது அனுபவச் சான்றுதான், அதில் தேதி இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். இந்தத் தடவை நகலில் சீல் வாங்கிவிட்டேன்.