பம்பரைக் கழற்றிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

பின்னால் வந்த கார் இடித்ததில் என் ஹேட்ச்பேக்குக்கு ஏற்பட்ட சேதத்துக்கான கிளெய்ம் ஒருவழியாக முடிந்து, வண்டி வீடு வந்து சேர்ந்துவிட்டது. ஆனால், முதலில் வந்த ஒப்புதலை அப்படியே ஏற்றிருந்தால், வளைந்த தகட்டை மறைத்துக்கொண்டு ஒரு புதிய பம்பர் மட்டும் மாட்டப்பட்டிருக்கும் என்பதை நினைக்கையில் இப்போதும் கோபம் வருகிறது.

மெட்ரோ பணிகளால் குறுகிப்போன ராஜீவ் காந்தி சாலையில், துரைப்பாக்கம் அருகே ஊர்ந்துகொண்டிருந்த வரிசையில் நடந்த மோதல் அது. இடித்தவர் இறங்கி வந்து, "பெயின்ட்தான் சார் போயிருக்கு, வேணும்னா என் இன்ஷூரன்ஸ்ல வாங்கிக்கோங்க" என்றார். சாலையோரத்தில் எளிதாகச் சொல்லப்படும் இந்த வாக்குறுதி நடைமுறையில் பெரும்பாலும் பயன்படுவதில்லை. எதிர்த்தரப்பின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து வாகனச் சேதத்துக்கு இழப்பீடு பெற வேண்டுமானால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். ஒரு பம்பருக்காக யாரும் அந்த வழக்கை நடத்துவதில்லை. ஆகவே அவருடைய வண்டி எண்ணையும், இரண்டு வண்டிகளும் நின்ற நிலையையும் படமெடுத்துக்கொண்டு, என் பாலிசியிலேயே கிளெய்ம் பதிவு செய்தேன். பதிவு செய்வதிலும் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடுவதிலும் எந்தச் சிக்கலும் இல்லை.

சிக்கல் சர்வேயில், அதாவது காப்பீட்டு நிறுவனம் சேதத்தை மதிப்பிடும் கட்டத்தில், தொடங்கியது. மதிப்பிடப்படும் இழப்பு ₹50,000-ஐத் தாண்டாத வாகனக் கிளெய்முக்கு உரிமம் பெற்ற சர்வேயர் கட்டாயமில்லை என்பதால், கைப்பேசியில் அனுப்பிய படங்களை வைத்தே ஒப்புதல் தந்துவிட்டார்கள். பின்பக்கப் பம்பர் மாற்றம், பெயின்டிங், அவ்வளவுதான். சர்வீஸ் அட்வைஸரும் கையெழுத்துக்காகத் தாளை நீட்டினார். எனக்கு உறுத்தியது டிக்கிக் கதவின் இடைவெளி. இடப்பக்கம் சுண்டுவிரல் நுழைந்தது. வலப்பக்கம் நகம்கூட நுழையவில்லை. "முன்னாடியே அப்படித்தான் இருந்திருக்கும் சார்" என்றார் அவர். பம்பரைக் கழற்றிக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். அரைமனதோடு ஆளை அனுப்பினார்.

இன்றைய பம்பரின் வெளிப்பகுதி வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் உறை. மெதுவாக இடிபட்டால் உள்ளே அமுங்கி, அடுத்த கணமே பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். அதன் பின்னால் இருக்கும் நுரைக்கட்டைக்கும், அதற்கும் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் அப்படித் திரும்பும் குணம் கிடையாது. ஐ.நா. வாகன விதிமுறைகளில் 42ஆம் எண் விதி பம்பர்களைச் சோதிக்கும் வேகமே மணிக்கு 4 கிலோமீட்டர்தான், அதாவது நாம் நடக்கும் வேகம். போதாக்குறைக்கு, பின்னால் வருபவர் கடைசி நொடியில் பிரேக்கை அழுத்தும்போது அவர் வண்டியின் மூக்கு கீழே தாழ்கிறது. அதனால் அடி பம்பரின் நடுவில் விழாமல், அதன் கீழ் விளிம்பில், தாங்கக்கூடிய அமைப்பு குறைவாக இருக்கும் இடத்தில் விழுகிறது. என் வண்டியில் நடந்தது சரியாக இதுதான். உறையில் இடித்த காரின் நம்பர் பிளேட் திருகு பதித்த இரண்டு புள்ளிகளும் சில கீறல்களும் மட்டுமே இருந்தன. உள்ளே நுரைக்கட்டை இரண்டாக உடைந்திருந்தது, பார்க்கிங் சென்சாரின் பிராக்கெட் முறிந்திருந்தது, பேக் பேனல் எனப்படும் அந்தத் தகடு உள்ளங்கை அகலத்துக்குக் குழிந்து, ஓரத்தில் நீர் புகாமல் அடைத்திருக்கும் சீலன்ட் வெடித்திருந்தது. அந்த வெடிப்பு வழியாக ஸ்டெப்னிக் குழிக்குள் மழைநீர் இறங்கியிருக்கும்.

கூடுதல் ஒப்புதலுக்கு அனுப்பியபோது வந்த பதில், "பழைய சேதம், இந்த விபத்தோடு தொடர்பில்லை." இந்தப் பதிலை எதிர்கொள்பவர்கள் தயவுசெய்து மனம் தளர வேண்டாம், ஏனென்றால் தகடே சாட்சி சொல்லும். பெயின்ட் உரிந்த இடத்தில் இரும்பு பளபளவென்று இருந்தது, துருவின் சுவடே இல்லை. கடற்காற்று வீசும் சென்னையில் மாதக்கணக்கில் திறந்து கிடந்த தகடு அப்படி இருக்காது. அந்த இடத்தை நெருக்கமாகவும், குழிவின் உயரமும் உறையில் இருந்த திருகுப் புள்ளிகளின் உயரமும் ஒத்துப்போவதை அளவு நாடாவை வைத்தும் படமெடுத்து, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருமாறும், அடுத்து காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார் தளமான பீமா பரோசாவிலும் பிறகு தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் முறையிடுவேன் என்றும் எழுதினேன். அதற்குப் பிறகு ஒருவர் நேரில் வந்தார், டார்ச் அடித்துப் பார்த்தார், பேனல், நுரை, பிராக்கெட் மூன்றுக்கும் ஒப்புதல் தந்தார். அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது கிடைத்த நிம்மதி சாதாரணமானதல்ல.

பணத்தைப் பொறுத்தவரை, தேய்மானம் கழிக்காத பாலிசி இருந்ததால் தப்பித்தேன். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலையும், மூன்று வயது கடந்த என் வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 25 சதவீதமும் கையிலிருந்து போயிருக்கும். ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயப் பிடித்தம் 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு ₹1,000. கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யமாகிவிடும் என்பதை மறக்கக்கூடாது. எனக்கு அது 35 சதவீதத் தள்ளுபடி. ஆனால் சொந்தச் சேதப் பிரீமியத்துக்கு மட்டுமே பொருந்துவது. உறையில் வெறும் கீறல் என்றால் கைக்காசைக் கொடுத்துவிடுவதே லாபம். அந்தக் கணக்கையும் பம்பரைக் கழற்றிப் பார்த்த பிறகே போட வேண்டும்.

டெலிவரியின்போது அட்வைஸர் பின்பக்கம் பம்பரைப் பாதுகாக்கும் இரும்புக் குழாய் கார்டு (guard) ஒன்று மாட்டிக்கொள்ளச் சொன்னார். அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டும் அந்தக் குழாய், நுரை வாங்க வேண்டிய அடியை நேராகச் சட்டத்துக்கே கொண்டுபோகும். இத்தகைய கார்டுகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. மறுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, டிக்கியை மூடி, பின்பக்கம் முழுவதும் குழாயால் நீரடிக்கச் சொல்லி, ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் கைவைத்துப் பார்த்தேன். ஈரம் இல்லை என்று உறுதியான பிறகே டெலிவரித் தாளில் கையெழுத்திட்டேன்.