கறுப்பு அடித்த மூன்று பேர்

நான் சொன்னது பொய் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நோயாளி கேட்ட கேள்விக்கு, "அது இந்தத் தாள்ல இல்லம்மா" என்றேன். தாளில் நிஜமாகவே இல்லை.

குடல்வால் அழற்சியோடு வருகிறவர்களுக்காக நாங்கள் தயாரித்த இரண்டு பக்கத் தாள் அது. ஆபரேஷனா, ஆன்டிபயாடிக் மட்டும் போதுமா என்று நோயாளியும் டாக்டரும் சேர்ந்து முடிவெடுக்க உதவ வேண்டும் என்பது நோக்கம். எண்களை அமெரிக்காவில் நடந்த கோடா ஆய்விலிருந்து எடுத்திருந்தோம். 1,552 பேர், பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்கு மருந்து. 2020-ல் முடிவு வெளியானது. மருந்து எடுத்தவர்களில் ஏறத்தாழ 10-க்கு 3 பேருக்கு 90 நாளுக்குள் ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. ஒரு வருடத்தில் அது 4 ஆனது, மூன்று நான்கு வருடத்தில் கிட்டத்தட்ட பாதி. குடல்வாலுக்குள் கல் மாதிரி இறுகிய துணுக்கு இருந்தவர்களுக்கு முதல் 90 நாளிலேயே 10-க்கு 4. அந்த அம்மாவுக்கு ஸ்கேனில் கல் இல்லை. இரண்டு வழியும் சரிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வலியோடு இருந்தாலும் நிதானமாகப் படித்தார். பத்து மனித உருவங்கள் வரிசையாக நிற்கும் படத்துக்கு வந்தபோது, கறுப்பு அடித்த மூன்றின் மேல் விரலை வைத்தார்.

"இந்த மூணு பேரும் இப்ப என்ன சொல்றாங்க மேடம்? முதல்லயே பண்ணியிருக்கலாம்னு சொல்றாங்களா, பரவால்லன்னு சொல்றாங்களா?"

அந்த மூன்று பேரில் ஒருவர் மாதிரி ஒருவரை எனக்குத் தெரியும். மருந்து எடுத்து, இரண்டு மாதம் கழித்து வலி திரும்பி, ஆபரேஷன் செய்துகொண்டவர். மகளின் பரீட்சை முடிகிற வரைக்கும் தாக்குப்பிடித்ததே போதும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அது என் நாக்கு நுனியில் நின்றது. சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் நல்ல காரணம் இருக்கிறது. ஒருவருடைய கதை நூறு பேரின் கணக்கைச் சாய்த்துவிடும். இப்படிப்பட்ட விளக்கங்களில் சொந்தக் கதைகளைச் சேர்ப்பதில் எச்சரிக்கை வேண்டும் என்றுதான் பயிற்சியிலும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிச் சிரித்தவரின் கதையை நான் சொல்லி, அந்த அம்மா மருந்தைத் தேர்ந்தெடுத்து, பிறகு வலியோடு திரும்பி வந்திருந்தால்? ஆகவே வாயை மூடிக்கொண்டது சரி.

ஆனால் அவர் என் பதிலுக்குப் பிறகு கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துவிட்டு, "அப்ப ஆபரேஷனே பண்ணிடச் சொல்லுங்க" என்றார். அந்த 'அப்ப'தான் என்னை விடமாட்டேன் என்கிறது. எதிலிருந்து வந்தது அது? எண்ணிலிருந்தா, நான் தயங்கியதிலிருந்தா? மூன்று பேரைப் பற்றிக் கேட்டதும் பேச்சை மாற்றுகிறாளே, அவர்கள் நிலைமை மோசமாக இருக்கும் போல என்று நினைத்திருக்கலாம். பேசாமல் இருந்ததுகூட ஒரு கதை சொன்ன மாதிரிதான் ஆகிவிட்டதோ?

எங்கள் அளவுகோல்படி அது நல்ல முடிவு. விஷயம் புரிந்ததா என்று திருப்பிக் கேட்டோம், எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். குழப்பம் இருக்கிறதா என்றால், இல்லை. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. ஆபரேஷன் தப்பு என்று நான் சொல்லவே இல்லை, பலர் தெளிவாக யோசித்து அதையே கேட்கிறார்கள்.

பிறகு ஒரு நாள் கோடா கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தேன். அதில் முதன்மையாக அளந்தது ஆபரேஷன் எண்ணிக்கையை அல்ல. 30-ஆவது நாளில் உங்கள் உடல்நிலை எப்படி இருக்கிறது என்று நோயாளிகளையே கேட்டு, அந்தப் பதிலைத்தான் ஒப்பிட்டிருந்தார்கள். அதில் மருந்துக் குழு ஆபரேஷன் குழுவுக்குக் குறைந்துபோகவில்லை. வேலைக்குப் போகாத நாட்களும் மருந்துக் குழுவில் குறைவு: சராசரியாக 5 நாளுக்குச் சற்று மேல், மற்றதில் 9-ஐ ஒட்டி. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது பிகோரி. நோயாளிக்கு எது முக்கியமோ அதை ஆராய வேண்டும் என்று 2010-ல் அமெரிக்கச் சட்டத்தின் வழியாக உருவான நிறுவனம் அது. அப்படிப்பட்ட ஆய்விலிருந்து எண்ணை எடுத்துவந்து, அந்த மூன்று பேருக்குக் கறுப்பு அடித்தது நாங்கள். ஆய்வு அவர்களைத் தோற்றவர்கள் என்று சொல்லவில்லை. படம் சொன்னது.

இதைச் சொன்னபோது, தாளைத் தயாரித்த எங்கள் குழுவில் இருந்த சர்ஜன் கொஞ்சம் எரிச்சலானார். "ஆபரேஷன் வேண்டாம்னு மருந்து எடுத்தவங்களுக்கு ஆபரேஷன் ஆச்சு. அதை வேற எப்படிக் காட்டுவீங்க?" அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பலருக்கு அது ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். எனக்குத் தெரிந்தவர் சிரித்தார் என்பதற்காக எல்லாரும் சிரித்திருப்பார்கள் என்று நானும் சொல்ல முடியாது. பார்க்கப்போனால், நோயாளியிடம் சொல்லக் கூடாது என்று அடக்கிவைத்த அதே ஒருவரின் கதையை வைத்துத்தான் இப்போது குழுவோடு மல்லுக்கட்டுகிறேன்.

பத்து உருவங்களுக்கும் ஒரே நிறம் கொடுத்து, மூன்றுக்கு மட்டும் தடித்த கோடு போடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜெராக்ஸ் எடுத்தால் கோடு தெரியாது என்கிறார் வடிவமைப்பாளர்.