என் மின்னூல்களை ஏஐ உதவியாளரோடு இணைத்த அனுபவம்

ஒரு சிறுகதையைத் தேடப் போய்த்தான் இதெல்லாம் ஆரம்பித்தது. கொல்லைப்புறத்துக் கிணற்றடியில் ஒரு பையன் அப்பாவின் கடிதத்துக்காகக் காத்திருப்பான். கயிறு அறுந்து வாளி உள்ளே விழுந்துவிடும். நினைவில் இருந்தது இவ்வளவுதான். கதையின் பெயர் தெரியாது, எழுதியவர் தெரியாது, எந்தத் தொகுப்பில் வந்தது என்றும் தெரியாது. ஆனால் அது என்னிடம் இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம். பத்து வருடமாகச் சேர்த்த 1,400 மின்னூல்களில் எங்கோ இருக்கிறது.

பொதுவான ஏஐ உதவியாளரிடம் கேட்டுப் பார்த்தேன். அதற்கு என் அலமாரி தெரியாது. தனக்குத் தெரிந்த கதைகளில் ஏதோ ஒன்றைச் சொன்னது. அப்போதுதான், புத்தகங்கள் இருக்கும் இடத்துக்கே இதைக் கூட்டிக்கொண்டு போனால் என்ன என்று தோன்றியது.

அதற்கான வழி ஏற்கெனவே இருக்கிறது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்சிபி. நம் கணினியில் ஒரு சின்ன நிரல் ஓடும். ‘என்னிடம் இன்னின்ன கருவிகள் உண்டு, இதற்கு இதைக் கொடுத்தால் இது கிடைக்கும்’ என்று அது உதவியாளரிடம் சொல்லி வைக்கும். கேள்வி வரும்போது எந்தக் கருவியைக் கூப்பிடுவது என்று உதவியாளர் முடிவு செய்யும், நிரல் போய்த் தேடிக் கொண்டுவந்து கொடுக்கும். புத்தகங்களை எங்கேயும் ஏற்ற வேண்டியதில்லை. ஆனால் உதவியாளர் இணையத்தில் ஓடுவது என்றால், தேடிக் கிடைத்த பத்திகள் அங்கே போகத்தான் செய்யும். அதுவும் வேண்டாம் என்பவர்கள் ஒல்லாமா மாதிரியான ஒன்றை வைத்துச் சொந்தக் கணினியிலேயே மாடலை ஓட்டலாம்.

என் புத்தகங்கள் எல்லாம் காலிபரில் இருந்தன. கோவிட் கோயல் 2006இல் தொடங்கிய, மின்னூல்களை நிர்வகிக்கும் இந்த இலவச மென்பொருளுக்கு நான் நிறையக் கடன்பட்டிருக்கிறேன். நூலகக் கோப்புறையில் மெட்டாடேட்டா.டிபி என்று ஓர் எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பு. தலைப்பு, ஆசிரியர், குறிச்சொல், நான் அடிக்கோடிட்ட வரிகள் எல்லாம் அதற்குள். மின்னூல் வடிவமான இபப் கோப்பும் மூடுமந்திரம் இல்லை. அது ஒரு ஜிப் பொட்டலம், பிரித்தால் உள்ளே சாதாரண இணையப் பக்கங்கள் மாதிரி அத்தியாயங்கள் இருக்கும்.

முதலில் இணையத்தில் தயாராகக் கிடைத்த ஓர் இணைப்பானை வைத்து முயன்றேன். அரை மணி நேரத்தில் இணைந்துவிட்டது. சந்தோஷமாக அந்தக் கிணற்றுக் கதையைக் கேட்டேன். உடனே பதில் வந்தது: தொகுப்பின் பெயர், எத்தனையாவது கதை, அதிலிருந்து நாலு வரி மேற்கோள். வரிகள் அழகாக இருந்தன. புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அப்படி ஒரு கதையே அதில் இல்லை. மேற்கோள் முழுக்கக் கற்பனை.

அது எனக்குப் பெரிய ஏமாற்றம். ஆனால் இணைப்பான் எழுதிவைத்த பதிவுகளைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. அந்த இணைப்பான் புத்தகத்துக்குள்ளே போகவே இல்லை. தலைப்பும் ஆசிரியரும் பின்னட்டைக் குறிப்பும்தான் உதவியாளருக்குப் போயிருந்தன. மீதியை அதுவாக நிரப்பிக்கொண்டது. பட்டியலை மட்டும் கொடுத்துவிட்டு உள்ளடக்கத்தைக் கேட்டால் இப்படித்தான் நடக்கும். சரி, இணைப்பானை நாமே எழுதுவோம் என்று பைதான் நிரல்மொழியில் உட்கார்ந்தேன்.

மூன்றே கருவிகள் வைத்தேன். ஒன்று தலைப்பு, ஆசிரியர், குறிச்சொல்லைத் தேடும். இன்னொன்று புத்தகங்களுக்குள் இருக்கும் உரையைத் தேடி, கிடைத்த பத்தியை எழுத்து மாறாமல் புத்தக எண்ணோடும் அத்தியாயத் தலைப்போடும் தரும். கடைசியாக உள்ளது, அந்தப் பத்திக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் வாசித்துக் காட்டும். முழு அத்தியாயத்தை அப்படியே தூக்கிக் கொடுக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஒரு தமிழ் எழுத்துக் குறியீடு யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் 3 பைட் எடுக்கும். அதே அளவு ஆங்கில உரையைவிடத் தமிழ் உரைக்குப் பல மாடல்களில் டோக்கன்கள், அதாவது மாடல் உரையை வெட்டி வாசிக்கும் துண்டுகள், கூடுதலாகச் செலவாகும். அதனால் பத்தி பத்தியாகக் கொடுப்பதே நல்லது.

தரவுத்தளத்தை ‘வாசிக்க மட்டும்’ என்ற முறையில்தான் திறந்தேன். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. காலிபர் திறந்திருக்கும்போது வேறு நிரல் அந்தக் கோப்பில் எழுதினால் நூலகம் குழம்பிப்போகும் அபாயம் உண்டு. ஏதாவது ஒரு புத்தகத்துக்குள் ‘இதை அழி’ என்று ஒரு வரி இருந்து, உதவியாளர் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டாலும், அழிப்பதற்கு ஒரு கருவியே கையில் இருக்கக் கூடாது. பூட்டு போட்டு விற்கப்படும் நூல்களையும் நான் தொடவில்லை. பூட்டில்லாத கோப்புகள் மட்டுமே இந்தத் தேடலுக்குள் வந்தன.

இணைப்பில் ஒரே ஓர் இடத்தில்தான் ஒரு மாலை முழுக்கச் சிக்கினேன். நிரல் ஓடுகிறது, உதவியாளர் மட்டும் ‘தொடர்பு இல்லை’ என்கிறது. நிரலும் உதவியாளரும் ஜேசன் வடிவச் செய்திகளைப் பரிமாறிக்கொள்வது நிரலின் வழக்கமான உள்ளீட்டு, வெளியீட்டு வழிகளில்தான். சோதனைக்காக நான் போட்டிருந்த ஒரு பிரின்ட் வரி அதே வெளியீட்டு வழியில் போய்ச் செய்திக்கு நடுவில் விழுந்து உரையாடலை உடைத்துக்கொண்டிருந்தது. பதிவுகளைப் பிழைகளுக்கான வெளியீட்டு வழிக்கு மாற்றினேன், உடனே சரியானது. புதிதாக எழுதுகிறவர்கள் முதலில் இதைப் பாருங்கள். அமைப்புக் கோப்பில் பைதானின் முழுப் பாதையைக் கொடுங்கள், கொடுத்துவிட்டு உதவியாளர் செயலியை மூடித் திறங்கள்.

அப்புறம்தான் உண்மையான வேலை ஆரம்பித்தது. அது தமிழ்.

காலிபரில் 2022இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து உள்ளடக்கத் தேடல் இருக்கிறது. ஆனால் என் தமிழ் நூல்களின் எழுத்துகளைச் சீர்ப்படுத்திவிட்டுத் தேட வேண்டியிருந்தது. அதனால் எஸ்க்யூலைட்டின் எஃப்டிஎஸ்5 என்ற உரைத் தேடல் வசதியை வைத்து, எந்தச் சொல் எங்கே வருகிறது என்று காட்டும் சொல்லடைவு ஒன்றைத் தனியாக உருவாக்கினேன். ‘பாட்டி’ என்று தேடினேன். ‘பெட்டி’ வந்தது. ‘போட்டி’ வந்தது. ‘பூட்டு’ வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமே புரியவில்லை.

எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து எழுதிப் பார்த்ததும் விளங்கியது. வேறு எதுவும் சொல்லாவிட்டால், உரையைச் சொற்களாக வெட்டும் எஃப்டிஎஸ்5இன் சொல்பிரிப்பி எழுத்தையும் எண்ணையும் மட்டும்தான் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். நம் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் எழுத்து வகையில் வராது, அவை ‘குறி’ வகை. ஆகவே அவை இருக்கும் இடத்திலெல்லாம் சொல்லை வெட்டிவிடும். ‘பாட்டி’யில் மிஞ்சுவது ப, ட, ட. ‘பெட்டி’யிலும் அதே ப, ட, ட. குறி வகைகளையும் சேர்த்துக்கொள் என்று சொல்ல ஓர் அமைப்பு உண்டு. அதைக் கொடுத்ததும் பாட்டி தனியாக, பெட்டி தனியாக வந்தன. பிறகு நான், உரையை மும்மூன்று குறியீடுகளாக வெட்டிவைக்கும் மூவெழுத்துப் பிரிப்புக்கு மாறிவிட்டேன். சொல்லின் நடுவில் இருப்பதையும் அது பிடிக்கும். விகுதி மேல் விகுதி ஒட்டும் நம் மொழிக்கு அது பொருந்தி வருகிறது.

அப்படியும் ‘கொல்லை’ கிடைக்கவில்லை. கிணற்றுக் கதைக்கு என்னிடம் இருந்த நல்ல துப்பே அந்தச் சொல்தான். திரையில் ஒரு புத்தகத்தில் ‘கொல்லை’ கண்ணெதிரே தெரிகிறது, தேடினால் பூஜ்யம்.

‘கொ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பிறகு ‘ஒ’கரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் என இரண்டு குறியீடுகளாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றப்பட்ட என் நூல்கள் பலவற்றில் இரண்டாவது விதம்தான் இருந்தது. யூனிகோடின் என்எஃப்சி என்ற சீராக்கத்தைச் சொல்லடைவுக்கும் தேடும் சொல்லுக்கும் சேர்த்துப் போட்டதும் இரண்டும் ஒன்றாகின. பைதானில் அது ஒரே வரி. அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது.

பிடிஎஃப் கோப்புகள் இதைவிட மோசம். உரையை எடுத்தால் ‘ெகால்ைல’ என்று வரும். அச்சில் கொம்பு எழுத்துக்கு இடப்புறம் தெரிவதால், எடுக்கும்போதும் முதலில் அதுவே வந்துவிடுகிறது. இதற்கு என்எஃப்சி உதவாது. முன்னால் வந்து நிற்கும் கொம்பையும் ஐகாரக் குறியையும் அடுத்த எழுத்துக்குப் பின்னால் நகர்த்த ஒரு சின்னச் செயல்கூறு எழுதினேன். ‘கௌ’ என்ற இடத்தில் ளகரம் போட்டுக் ‘கெள’ என்று அடித்திருப்பதையும் முடிந்தவரை திருத்தினேன். முடிந்தவரை என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் ‘கெளுத்தி’யில் வரும் ளகரம் உண்மையான ளகரம். இந்தத் திருத்தம் எல்லாம் என் சொல்லடைவில் மட்டும்தான். மூலநூல்களில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

ஆசிரியர் பெயர்களை ஒழுங்குபடுத்தியது தனிக் கதை. முன்னெழுத்துக்குப் பின் புள்ளியோடு, புள்ளி இல்லாமல், ஆங்கில எழுத்தில் என்று ஒரே ஆள் நாலு பேராக இருந்தார். காலிபரில் ஆசிரியர் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக ஒரே பெயருக்கு மாற்றினேன். இரண்டு வார இறுதிகள் போயின. போனாலும் பரவாயில்லை.

இதெல்லாம் முடிந்து மறுபடி கேட்டேன்: கிணற்றடி, பையன், கடிதம், அறுந்த கயிறு. இந்த முறை உதவியாளர் வேலை செய்வதைப் பார்க்கவே நிறைவாக இருந்தது. முதலில் ‘கிணறு’ என்று தேடியது. நிறைய வந்தது, பொருந்தவில்லை. அடுத்து அதுவாகவே ‘கிணற்ற’ என்று மாற்றித் தேடியது. வேற்றுமை உருபு ஏறினால் ‘கிணறு’ ‘கிணற்று’ ஆகும் என்று தேடுபொறிக்குத் தெரியாது, உதவியாளருக்குத் தெரியும். கருவியின் விளக்கத்தில் ‘சொல் உருபு ஏற்கும்போது எப்படி மாறுமோ அந்த வடிவத்தையும் தேடு’ என்று நான் எழுதி வைத்திருந்த ஒரு வரி நன்றாகப் பலன் தந்தது. விளக்கங்களை அக்கறையோடு எழுதுங்கள், உதவியாளர் படிப்பது அவற்றைத்தான். என்னுடையதில் இன்னொரு வரியும் உண்டு: ‘கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று சொல், கருவி தராத மேற்கோளை எழுதாதே.’

பிறகு ‘வாளி’, ‘கொல்லை’ இரண்டையும் சேர்த்துத் தேடி மூன்று பத்திகளைக் கொண்டுவந்து, ‘இரண்டாவது பொருந்துவது போல் இருக்கிறது, ஆனால் அதில் வருவது பெண் குழந்தை’ என்றது. புத்தக எண்ணைப் பார்த்துக் காலிபரில் திறந்தேன். அதே கதை. அதில் காத்திருந்தது ஒரு சிறுமி, நான்தான் பையன் என்று நினைவில் வைத்திருந்தேன். கடிதம் அப்பாவுடையதும் இல்லை, அக்காவுடையது. கயிறு மட்டும் நான் நினைத்தபடியே அறுந்தது. உட்கார்ந்து முழுக்க வாசித்தேன்.

இப்போது தினமும் பயன்படுத்துகிறேன். கதையின் சுருக்கம் கேட்பதில்லை. அது எனக்கு வேண்டாம், வாசிக்கத்தானே புத்தகம். ‘மழையில் தொடங்கும் கதைகள் என்னிடம் எத்தனை?’, ‘இந்தச் சொல்லை இதே பொருளில் வேறு யார் எழுதியிருக்கிறார்கள்?’, ‘போன வருடம் நான் அடிக்கோடிட்டதில் தனிமை பற்றி என்ன இருக்கிறது?’ இப்படித்தான் கேட்கிறேன். கடைசிக் கேள்விக்கு வந்த பதிலில் நான் மறந்தேபோன ஐந்து புத்தகங்கள் இருந்தன.

மீதி இருப்பது வருடிப் படமாக வைத்த பிடிஎஃப்கள், ஏறக்குறைய 90. அவற்றில் உரையே கிடையாது, படம் மட்டும்தான். படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் டெசராக்ட் மென்பொருளின் தமிழ்த் தரவை வைத்து இரவில் ஒவ்வொன்றாக ஓட்டுகிறேன். தெளிவான அச்சு என்றால் நன்றாக வருகிறது, மங்கிய பக்கங்களில் புள்ளிகள் தொலைந்துபோகின்றன. புள்ளி தொலைந்தால் ‘பட்டம்’ ‘படடம’ ஆகிவிடும், தேடலில் அகப்படாது. அப்படிப்பட்ட நூல்களுக்கு ‘சரிபார்க்கவில்லை’ என்று ஒரு குறிச்சொல் போட்டிருக்கிறேன். அவற்றிலிருந்து ஏதாவது எடுத்தால் உதவியாளர் அதையும் சேர்த்தே சொல்லும். இதுவரை 37 முடிந்திருக்கின்றன.