கொழும்பில் இரண்டு பேர் வாழ எவ்வளவு வேண்டும்?

சித்தப்பா மகளுக்குத் தையில் கல்யாணம். அப்புறம் இரண்டு பேரும் கொழும்புக்குப் போகிறார்களாம். "அண்ணே, ஆளுக்கு 55,000 சம்பளம், போதும்தானே?" என்று நேற்று போனில் கேட்டாள். லைன் சரியில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

போதாது தங்கச்சி.

நம் தேயிலைத் தோட்டத்துக் கணக்கில் அது பெரிய காசுதான். 2024இல் நாட்சம்பளம் 1,350 ஆனபோது அம்மாவுக்கு முழுப்பேராக, அதாவது முழுநாள் சம்பளமாக, 25 நாள் விழுந்தாலும் 33,750, அதில் இ.பி.எஃப். என்ற சேமலாப நிதிக்கு 8 சதவீதம் போனால் கையில் 31,000 சொச்சம். அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் நானும் அண்ணியும் ஹட்டனில் கொழும்பு பஸ் ஏறினோம்.

கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் மாடி அனெக்ஸ், ஒரு அறை, ஒரு குசினி, வாடகை 45,000. அட்வான்ஸ் ஆறு மாதம், 270,000. தாலிக்கொடியைத் தவிர அண்ணியின் நகை எல்லாம் அடகுக்குப் போனது, அந்த வட்டியும் மாதாமாதம் கட்டவேண்டும்.

இங்கே தோட்டத்தில் மலையிலிருந்து வரும் பீலித் தண்ணிக்குக் காசில்லை, ஃபேன் நம் லயத்து வரிசையில் யார் வீட்டிலும் இல்லை. அங்கே சீட் கூரைக்குக் கீழே விடிய விடிய ஃபேன் ஓடினாலும் தலையணை நனைந்துதான் கிடக்கும், யூனிட் கூடினால் கரண்ட் ரேட்டும் சேர்ந்து கூடும். கறிவேப்பிலைக்கும் காசு. வீட்டுக்குப் பின்னால் பிடுங்குகிற லீக்ஸை 250 கிராம் நிறுக்கச் சொல்லிவிட்டு, விலையைக் கேட்டதும் அண்ணி வேண்டாமென்று திருப்பிக் கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வாடகை 45,000, சாப்பாடு 45,000, கரண்ட் தண்ணி காஸ் 10,000, பஸ் 12,000, போன் 3,000. மொத்தம் 115,000. உங்கள் 110,000இல் இ.பி.எஃப். பிடித்தால் கைக்கு வருவது 101,200தான்.

இன்னும் வீட்டுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. அப்பாவின் மருந்து, தம்பியின் டியூஷன், தீபாவளிக்கும் சாவுக்கும் ஊர் வந்துபோகிற செலவு. நாங்கள் மாதம் 20,000 அனுப்பினோம், அதை வெட்டச் சொல்லி உனக்கு என் வாயால் சொல்லமாட்டேன்.

வட்டி, வைத்தியம் எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கும் கையில் 160,000 வேண்டும். அது வரும்வரை மாப்பிள்ளை போர்டிங்கில் இருக்கட்டும், நீ ஹட்டன் வேலையை விடாதே. கல்யாணம் முடிந்த கையோடு பிரிந்திருப்பது கஷ்டம்தான், தெரியும். ஆனால் ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதிக்குப் பிறகு நானும் அண்ணியும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தோம், அது உங்களுக்கு வரக்கூடாது.

மொய்ப் பணத்தை அப்படியே அட்வான்ஸுக்கு எடுத்து வை. நகையில் மட்டும் கை வைக்காதே.