இன்னொரு நாள் வாருங்கள்

திறப்பதற்கு முன்பே நாங்கள் விற்றிருந்த பரிசுக் கூப்பன் ஒன்றுடன் அந்தப் பெண்மணி வந்தபோது, ஸ்பா தொடங்கி ஆறு வாரங்கள் ஆகியிருந்தன. முந்தைய நாள்தான் பன்னிரண்டு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்தே வந்ததாகவும், இடது கெண்டைக்கால் கல்லாய்க் கனப்பதாகவும், அதை நன்றாக அழுத்திப் பிடித்துவிட வேண்டும் என்றும் கேட்டார். அதற்குத்தானே நாங்கள் இருக்கிறோம் என்று உள்ளே அனுப்பினேன். அவர் நிரப்பிய படிவத்தில் ‘கால் வீக்கம்’ என்ற இடத்தில் டிக் போட்டிருந்தார். அந்தப் படிவத்தைத் தயாரித்தவள் நான்தான் என்றாலும், அந்தக் கேள்வி எதற்காக அதில் இருக்கிறது என்று அன்றுவரை யோசித்ததே இல்லை.

பத்து நிமிடத்தில் தெரபிஸ்ட் வெளியே வந்தார். அவர் கைகளில் எண்ணெய் படவே இல்லை.

“இவங்களுக்கு நான் மசாஜ் செய்ய மாட்டேன் மேடம். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கு, தொட்டா சுடுது.”

புறங்கையை இரண்டு கெண்டைக்கால்களிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருக்கிறார். இடது காலில் சாக்ஸின் விளிம்பு ஆழமாகப் பதிந்து கிடந்ததாகவும், வலது காலில் அந்தத் தடமே இல்லை என்றும் சொன்னார். காலை விட்டுவிட்டு முதுகும் தோளும் மட்டும் செய்யலாமே என்று கேட்டேன். “வேண்டாம் மேடம், முதல்ல டாக்டர் பார்க்கட்டும்” என்றார். குரலை உயர்த்தவில்லை, ஆனால் நின்ற இடத்திலிருந்து நகரவும் இல்லை.

நான் அறைக்குள் போய் அந்தப் பெண்மணியிடம் சொன்னது இவ்வளவுதான்: “புதுப் பொண்ணு, கொஞ்சம் பயந்துட்டா. தப்பா எடுத்துக்காதீங்க, இன்னொரு நாள் வாங்க.” கதவு திறந்தே இருந்தது. தெரபிஸ்ட் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

அவருக்கு அந்த வேலையில் என்னைவிடப் பல ஆண்டு அனுபவம் உண்டு. எங்கள் இடத்துக்கு மட்டும்தான் அவர் புதியவர். அவர் எதற்குப் பயந்தார் என்பதை அன்றிரவு படித்துத்தான் புரிந்துகொண்டேன். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்பவர்களுக்குக் காலின் ஆழமான நாளங்களில் இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. ஒரு கால் மட்டும் வீங்குவதும் சூடாக இருப்பதும் அதன் அறிகுறிகள். இரண்டு கெண்டைக்கால்களின் சுற்றளவில் 3 சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தாலே மருத்துவர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த உறைவை அழுத்திப் பிடித்தால், அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளக்கூடும். அவருக்கு இருந்தது அதுதானா என்று எனக்குத் தெரியாது. வெறும் தசைப்பிடிப்பாகவும் இருந்திருக்கலாம்.

என் தரப்பிலும் காரணங்கள் இருந்தன. அறுபது நிமிட மசாஜ், விரிப்பு மாற்றி அறையைத் தயார்செய்யப் பதினைந்து நிமிடம் என்றுதான் ஒவ்வொரு அறையின் நாளும் கணக்கிடப்படுகிறது. வெறுமனே போன ஒரு மணி நேரத்தைப் பிறகு யாருக்கும் விற்க முடியாது. கூப்பன் பணமோ மசாஜ் படுக்கைகளாகவும் டவல்களாகவும் எப்போதோ மாறிவிட்டிருந்தது. முதல் சில வாரங்களில் மனக்கசப்போடு வெளியேறும் ஒருவர் பத்துப் பேரிடம் சொல்வார் என்ற பயமும் இருந்தது. அவரைச் சமாதானமாக அனுப்பிவைக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. எப்படியும் மசாஜ் செய்யாமல்தானே அனுப்பினோம் என்று பல நாள் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

ஆனால் அந்தத் தேறுதல் நிலைப்பதில்லை. தெரபிஸ்ட்டைச் சிறுமைப்படுத்தியதற்கு மறுநாளே மன்னிப்புக் கேட்டேன். அவரும் “பரவாயில்லை மேடம்” என்றார். என்னை அதைவிட அதிகமாக உறுத்துவது ‘இன்னொரு நாள்’ என்ற சொல்தான். இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டிய இடத்தில், இது ஒன்றும் அவசரமில்லை என்ற பொருள் வரும்படி பேசிவிட்டேன். அந்தப் பெண்மணி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது தெரபிஸ்ட் அருகில் போய் ஏதோ சொன்னதைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். கேட்டுக்கொண்டதற்கான தலையசைப்பா, எரிச்சலை அடக்கிக்கொண்டதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. படிவத்தில் அவருடைய தொலைபேசி எண் இருந்தும் நான் அழைக்கவில்லை. முதல் வாரம் வெட்கம் தடுத்தது. பிறகு, என்ன பதில் வருமோ என்ற பயம்.

வாடிக்கையாளருக்கு மசாஜ் செய்யலாமா வேண்டாமா என்பதைத் தெரபிஸ்ட்டே முடிவு செய்யலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று இப்போது புதிதாகச் சேர்பவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்லிவிட்டும், யாராவது மறுத்தால் நானும் ஒருமுறை அறைக்குள் போய்ப் பார்க்கிறேன். அது அக்கறையா, அவர்கள் சொல்வதை நான் இன்னும் முழுதாக நம்பவில்லையா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

விற்ற கூப்பனுக்கான சேவையைக் கொடுக்கும்வரை அந்தப் பணம் எங்கள் கணக்கில் கடனாகவே நிற்கும். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போதெல்லாம், காலாவதியாகிவிட்ட அந்த ஒரு கூப்பனை வருமானத்தில் சேர்த்துவிடலாமா என்று கணக்காளர் கேட்கிறார். வேண்டாம், கடனிலேயே இருக்கட்டும் என்கிறேன்.