மடிந்து கிடந்த சைட்

ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்த்துப் பராமரிப்பவனாக, வேலை பார்த்த வருடங்களில் என்னிடம் அதிகம் வந்த கேள்வி "எந்த ரெட் டாட் நல்லது சார்?" என்பதுதான். ரெட் டாட் என்றால் ரைஃபிளின் மேல் மாட்டி, அதில் தெரியும் சிவப்புப் புள்ளியை இலக்கின் மேல் வைத்துச் சுடுகிற கருவி. அது கெட்டுப்போனால் குறி பார்க்க இருக்கும் பேக்கப் சைட்டைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அது ரைஃபிளின் மேலே கருவிகளை மாட்டும் பட்டையான ரெயிலில் மடிந்து கிடக்கும், இருக்கிறது என்ற நிம்மதி போதும் என்று விட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் விட்டிருந்தேன், ஒரு மழை நாள் வரைக்கும்.

பயிற்சி மையத்தில் அன்று 50 மீட்டர் தூரத்துச் சுடும் பயிற்சி. ஒரு பையன், சேர்ந்து மூன்று மாதம்தான் இருக்கும், அவனுடைய செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளில் திறந்த வகை ரெட் டாட் மாட்டியிருந்தது. அந்த வகையில் சின்ன எல்இடி விளக்கு கீழே வெளியில் தெரியும்படி இருக்கும், அதன் ஒளி முன்னால் இருக்கும் வளைந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பி நம் கண்ணுக்கு வரும், அதைத்தான் புள்ளியாகப் பார்க்கிறோம். மழைத்துளி ஒன்று சரியாக அந்த விளக்கின் மேல் உட்கார்ந்துவிட்டது. புள்ளி கலைந்து சிவப்பாக ஏதோ பரவியதே தவிர குறி வைக்க ஒன்றும் இல்லை.

பையன் பதறவில்லை. சொல்லிக் கொடுத்தபடியே பேக்கப் சைட்டின் பின் பாகமான பேக்சைட்டையும் முன் பாகமான ஃபோர்சைட்டையும் தூக்கி நிறுத்தி ஐந்து ரவுண்டு சுட்டான். டார்கெட்டைப் போய்ப் பார்த்தால் ஐந்தும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி அழகான க்ரூப்பிங், ஆனால் நடுவிலிருந்து 20 சென்டிமீட்டர் இடது பக்கம் தள்ளி. "குறி சரியாத்தான் வச்சேன் சார்" என்றான். சரியாகத்தான் வைத்திருந்தான், அந்த க்ரூப்பிங்கே அதற்குச் சாட்சி. தப்பு என்னுடையது. இரண்டு வாரம் முன்னால் அந்த சைட்டை மாட்டியவன் நான். ரெட் டாட்டை ஜீரோ செய்துவிட்டு, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சரிசெய்துவிட்டு, ரைஃபிளின் பதிவுக் கார்டில் ஜீரோ என்ற ஒரே கட்டத்தில் டிக் போட்டிருந்தேன். மடக்கி வைத்திருந்த சைட்டால் ஒரு ரவுண்டு கூடச் சுட்டுப் பார்க்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவில் 40 சென்டிமீட்டர் இடைவெளி என்று வையுங்கள். பேக்சைட் ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் 50 மீட்டரில் 12.5 சென்டிமீட்டர் தள்ளும், 100 மீட்டரில் 25. பையனுக்கு விழுந்த 20 சென்டிமீட்டருக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே பிசகியிருந்தால் போதும். கண்ணால் பார்த்து நடுவில்தான் இருக்கிறது என்று நான் நம்பியது அவ்வளவுதான். பிக்காட்டினி ரெயில் 1995-இல் ராணுவத் தரமாக வந்த பிறகு எதையும் எங்கேயும் இரண்டு நிமிடத்தில் மாட்டலாம் என்றாகிவிட்டது. பெரிய வசதிதான், ஆனால் மாட்டியதோடு வேலை முடிந்தது என்ற நினைப்பும் அதோடு சேர்ந்து வந்துவிட்டது.

அப்புறம் யார் ஆப்டிக் (ரெட் டாட், ஸ்கோப் மாதிரி கண்ணாடி வழியாகக் குறி பார்க்கும் கருவி) பற்றிக் கேட்டாலும் நான் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்தேன்: இது வேலை செய்யாமல் போனால் எப்படிப் போகும்? விலை, எடை, பிராண்டு எல்லாம் அதற்கு அடுத்துதான். மூடிய வகை ரெட் டாட்டில் விளக்கு இரண்டு கண்ணாடிக்கு நடுவே அடைபட்டு இருப்பதால் மழையும் சேறும் அதைத் தொடாது, ஆனால் முன் கண்ணாடியில் சேறு அப்பிக்கொள்ளும். அப்போதும் இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தால் ஒரு கண் புள்ளியையும் மறு கண் டார்கெட்டையும் பார்த்து மூளை சேர்த்துக்கொள்ளும், பக்கத்து இலக்குக்கு அது போதும். இதை முன் மூடியைச் சாத்திவிட்டே பழகலாம், நான் எல்லோரையும் பழகச் சொல்வேன்.

பேட்டரி விஷயத்தில் ரெட் டாட்டுக்கும், லேசர் ஒளியால் குறியைக் காட்டும் ஹோலோகிராஃபிக் சைட்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஸ்வீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் 1975-இல் முதல் எலக்ட்ரானிக் ரெட் டாட்டைக் கொண்டுவந்தது. இன்றைக்கு அவர்களுடைய சிறிய மாடல்களில் ஒரே ஒரு 2032 பட்டன் பேட்டரி 50,000 மணி நேரம், அதாவது ஐந்து வருடத்துக்கு மேல் ஓடும் என்கிறார்கள். ஹோலோகிராஃபிக்கில் லேசர் டயோடு இருப்பதால் பேட்டரியைத் தின்னும், பல மாடல்கள் ஆயிரம் மணி நேரத்தைச் சுற்றித்தான், அதனால்தான் சில மணி நேரத்தில் தானாக அணைகிற மாதிரி செய்திருக்கிறார்கள். ஐந்து வருடம் ஓடும் என்பதற்காக ஐந்து வருடம் விடக் கூடாது. வருடத்துக்கு ஒரு தேதி வைத்து, பேட்டரி நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

ஒரு சீனியர் பயிற்றுநர் ஒருநாள் தன் ரைஃபிளைக் கொண்டுவந்து, "புள்ளி உடைஞ்சு போச்சுப்பா, கமா மாதிரி வால் விட்டிருக்கு, மாத்திக் கொடு" என்றார். நான் பார்த்தால் புள்ளி வட்டமாகத்தான் இருந்தது. செல்போனை ஆப்டிக்குக்குப் பின்னால் பிடித்துப் போட்டோ எடுத்துக் காட்டினேன், அதிலும் வட்டம். கோளாறு ஆப்டிக்கில் இல்லை, கண்ணில். கண்ணின் வளைவு சீராக இல்லாத அஸ்டிக்மாட்டிசம் உள்ளவர்களுக்கு ரெட் டாட் இப்படித்தான் சிதறித் தெரியும், நிறையப் பேர் இது தெரியாமல் நல்ல ஆப்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அவருடைய பேக்சைட்டைத் தூக்கி, அந்தச் சின்ன ஓட்டை வழியாகப் புள்ளியைப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "அட, உருண்டையா இருக்கே" என்றார். ஊசித்துளை வழியாகப் பார்த்தால் மங்கல் தெளிவதைப் போலத்தான் இது. புள்ளியின் வெளிச்சத்தை இரண்டு படி குறைத்தும் கொடுத்தேன், அதிலும் சிதறல் குறையும். கண் டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்பினேன்.

ஆப்டிக்கின் உயரத்தையும் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். புள்ளியும் ஃபோர்சைட் முனையும் ஒரே கோட்டில் தெரிகிற உயரம் ஒன்று, ஃபோர்சைட் கண்ணாடியின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் தெரிகிற உயரம் இன்னொன்று. சைட் எப்போதும் நிமிர்ந்தே இருக்கிற ரைஃபிளுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், கண்ணாடி நடுவில் தெளிவாக இருக்கும், தலையைக் கொஞ்சம் இறக்கினால் சைட் கிடைத்துவிடும். இதில் ஒரு பெரிய தப்பு நடக்கிறது. ஃபோர்சைட் முனையில் புள்ளி உட்காருகிற மாதிரி ரெட் டாட்டைத் திருகிவிட்டு ஜீரோ ஆகிவிட்டது என்பார்கள். ஃபோர்சைட்டே ஜீரோ ஆகாமல் இருந்தால் ஒரு தப்பை இன்னொன்றுக்குக் கடன் கொடுத்த மாதிரிதான். இரண்டையும் தனித்தனியாகச் சுட்டு ஜீரோ செய்ய வேண்டும், இரண்டும் ஒரே தூரத்தில் சரியாக இருந்தால் சைட் வழியாகப் பார்க்கும்போது புள்ளி தானாகவே முனையில் வந்து உட்காரும்.

1-லிருந்து 6 மடங்கு வரை பெரிதாக்குகிற ஸ்கோப் போட்டால் கதையே வேறு. அதன் குழாயும் கண்பக்க லென்ஸும் பேக்சைட் இருக்கும் இடத்தையே எடுத்துக்கொள்ளும், ஊடே பார்க்க வழி இல்லை. 45 டிகிரி சாய்வில் பக்கவாட்டு சைட் போட வேண்டும், இல்லாவிட்டால் ஸ்கோப்பைச் சட்டென்று கழற்றுகிற லீவர் மவுண்ட் வேண்டும். நான் முதலாவதற்கு ஓட்டுப் போடுவேன், லென்ஸ் உடைந்த நேரத்தில் லீவரைத் தேடுவதைவிட ரைஃபிளைச் சாய்ப்பது சுலபம். ஆனால் அந்த சைட்டை ரைஃபிளைச் சாய்த்துப் பிடித்தேதான் ஜீரோ செய்ய வேண்டும், இடது கைக்காரருக்கு எதிர்ப் பக்கம் மாட்ட வேண்டும்.

பிளாஸ்டிக்கா இரும்பா என்றால், பிளாஸ்டிக் சைட் கெட்டது கிடையாது, எடை குறைவு, அடி பட்டால் வளைந்து திரும்பும். குழலிலிருந்து சூடான வாயுவை எடுக்கும் கேஸ் பிளாக்கின் மேல் மட்டும் அதை மாட்டக் கூடாது, தொடர்ந்து சுட்டால் அங்கே ஏறுகிற சூடு அதற்கு ஆகாது. ஃபோர்சைட்டை, குழலைச் சுற்றிக் கை பிடிக்கும் பகுதியான ஹேண்ட்கார்டின் மேல் மாட்டுகிறவர்கள் ஹேண்ட்கார்டு கொஞ்சமாவது ஆடுகிறதா என்று கையால் திருகிப் பார்த்துவிடுங்கள், மேலே சொன்ன ஒரு மில்லிமீட்டர் கணக்கு அங்கேயும் உண்டு. மவுண்டை முன்பக்கம் தள்ளிப் பிடித்து, தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் (திருகும் விசை அளவில்) இறுக்கி, ஸ்க்ரூ தலையிலிருந்து மவுண்ட் வரை பெயின்டால் ஒரு மெல்லிய கோடு போட்டுவிட்டால் பிறகு சோதிக்க டூல் தேவையே இல்லை. கோடு உடைந்து தெரிந்தால் ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறது.

அந்தப் பையனோடு மறுநாள் காலையில் மறுபடி ரேஞ்சுக்குப் போனேன். மழை விட்டிருந்தது. ரெட் டாட்டை அணைத்துவிட்டு சைட்டைத் தூக்கச் சொன்னேன். மூன்று மூன்றாகச் சுட்டான், நான் ஒவ்வொரு முறையும் டார்கெட் வரை நடந்து போய் அளந்து வந்தேன். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பேக்சைட்டை நகர்த்த வேண்டும், ஃபோர்சைட்டுக்கு அது தலைகீழ், குண்டு மேலே போக வேண்டுமென்றால் முனையைக் கீழே இறக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்தவர்கள் எல்லோரும் ரேஞ்சில் ஒரு முறையாவது தப்பான பக்கம் திருகுவார்கள். அவனும் திருகினான், மூன்று ரவுண்டு இன்னும் இடது பக்கம் போனது, அவனே பார்த்துவிட்டு எதிர்ப் பக்கம் திருகினான். நான் வாயைத் திறக்கவில்லை. நான்காவது தடவை மூன்றும் நடுவில் விழுந்தன.

ரூமுக்கு வந்ததும் கார்டில் ஜீரோ கட்டத்தைக் குறுக்கே கோடு போட்டு இரண்டாக்கினேன், ஒன்றில் ஆப்டிக், ஒன்றில் சைட், இரண்டிலும் தேதியும் தூரமும். ரேக்கில் இருந்த மற்ற ரைஃபிள்களை அந்த வாரம் முழுக்க ஒவ்வொன்றாக எடுத்துச் சுட்டுப் பார்த்தோம். மடக்கி வைத்த சைட் நடுவில் அடித்தது இரண்டே இரண்டு ரைஃபிளில்தான்.